தூக்கி எறிய வேண்டாம், அந்தப் பழைய கம்ப்யூட்டரை!

பெங்களூர் டவுன் ஹாலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது எஸ்.பி. ரோடு. சாதர் பத்ரப்பா ரோடு என்று முழுப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரரே ஒரு கணம் யோசிப்பார். எஸ்.பி. ரோடு என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும். கம்ப்யூட்டர் சாமான் வாங்கவும் விற்கவும் பழுது பார்க்கவும் நகரமே அங்கேதான் போகிறது. சந்துக்குச் சந்து கடை, கடைக்குக் கடை வயர்ச் சுருள், கீபோர்டு, மூடி கழற்றிய லேப்டாப்.

அங்கே துணிப்பையில் பழைய லேப்டாப்பைச் சுற்றி எடுத்து வருகிறவர்களில் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீராமபுரத்தில் வாடகை வீடு. பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை. மகள் பி.காம். படிக்கிறாள். லேப்டாப் 2015-ல் தவணையில் வாங்கியது. கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

“அண்ணா, மிஷின் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதிலே இருக்கிற விண்டோஸுக்கு இனிமே அப்டேட் வராது. புதுசு இதிலே ஏறாது. வேற வாங்கிடுங்க.”

வேறு வாங்குவதென்றால் இரண்டு மாதச் சம்பளம் போய்விடும். சிட்டுக் கம்பெனியில் சீட்டை ஏலம் எடுக்க வேண்டும், அல்லது வட்டிக்கு வாங்க வேண்டும். இன்னொரு வழியும் கடைத்தெருவில் கிடைக்கும். “டூப்ளிகேட் போட்டுத் தர்றேன், யாருக்குத் தெரியப் போகுது?” என்பார் ஒருவர். மூன்றாவது வழி, குஜரிக் கடையில் எடைக்குப் போடுவது.

கடன், திருட்டு, குஜரி. இந்த மூன்றும் இல்லாத நான்காவது வழி ஒன்று உண்டு. அதற்கு லினக்ஸ் என்று பெயர்.

அக்டோபர் 14-ல் என்ன நடந்தது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அன்றோடு அந்த மிஷின்கள் நின்றுவிடவில்லை. இன்றும் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை முன்போல வழக்கமாக அடைத்துத் தர மாட்டார்கள். பூட்டுக் கெட்டுப்போன வீட்டில் குடியிருப்பது போல. பாங்கிக் கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு அது நல்லதல்ல.

“விண்டோஸ் 11 இலவசமாகத்தானே தருகிறார்கள், ஏற்றிக்கொண்டால் என்ன?” என்று கேட்கலாம். அதற்கு மிஷினுக்குள் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் புராசஸர் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் விதி. 2017-க்கு முன் வாங்கிய மிஷின்களில் பெரும்பாலானவை இந்த விதியில் தேறாது. மிஷின் கெடவில்லை, விதி மாறிவிட்டது. நல்ல நிலையில் இருக்கும் என்ஜினை, தேதியைப் பார்த்து ஷெட்டுக்கு அனுப்பிய கதைதான்.

ஸ்டேஷன் மாஸ்டர் யார்?

விண்டோஸும் லினக்ஸும் ஆபரேட்டிங் சிஸ்டங்கள். ஒரு ரயில்வே ஸ்டேஷனை எடுத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். தண்டவாளம், பிளாட்பாரம், சிக்னல் கம்பம் எல்லாம் இருக்கின்றன. வண்டிகள் வந்து போகின்றன. எந்த வண்டி எந்தப் பாதையில் வர வேண்டும், எது நிற்க வேண்டும், எதற்கு வழி விட வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வேண்டும். அவர் இல்லாவிட்டால் இரும்பு இருக்கும், வண்டி நகராது.

கம்ப்யூட்டரின் திரை, கீபோர்டு, நினைவகம் எல்லாம் அந்த இரும்புதான். கணக்குப் போடும் புரோகிராம், கடிதம் அடிக்கும் புரோகிராம், சினிமா பார்க்கும் புரோகிராம் எல்லாம் வண்டிகள். இவற்றுக்கு லைன் கிளியர் கொடுப்பது ஆபரேட்டிங் சிஸ்டம். ஸ்டேஷன் மாஸ்டரை மாற்றினால் ஸ்டேஷனை இடிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் இருந்த இடத்தில் லினக்ஸை உட்கார வைத்தாலும் அப்படித்தான்.

பிரிண்டரில் பிறந்த கோபம்

இதைச் சும்மா கொடுக்க யாருக்கு வந்தது மனசு? அதற்கு ஒரு கதை இருக்கிறது.

1980-ஐ ஒட்டிய காலம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்வி நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். அங்கே இருந்த பிரிண்டரில் காகிதம் அடிக்கடி சிக்கும். காகிதம் சிக்கினால் அச்சுக்குக் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகிற மாதிரி பழைய பிரிண்டரின் புரோகிராமைத் திருத்தி வைத்திருந்தார் அவர். பிறகு ஜெராக்ஸ் கம்பெனியின் புது பிரிண்டர் வந்தது. அதிலும் காகிதம் சிக்கியது. திருத்தலாம் என்றால் புரோகிராமின் மூல வடிவம் கையில் இல்லை. அதை வைத்திருந்த ஒருவரிடம் போய்க் கேட்டார். “கொடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்” என்ற அர்த்தத்தில் பதில் வந்தது.

கோபத்தோடு திரும்பிய ஸ்டால்மன் அதை மறக்கவில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற ஏற்பாட்டில் ஒரு முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கப் போவதாக 1983-ல் அறிவித்தார். அதற்கு க்னூ என்று பெயர். இந்த உரிமையை யாரும் பறிக்க முடியாதபடி 1989-ல் ஜி.பி.எல். என்ற உரிமப் பத்திரமும் எழுதப்பட்டது.

எல்லாம் தயாராகி வந்தது. நடுவில் இருக்க வேண்டிய கரு மட்டும் முடியவில்லை. 1991 ஆகஸ்ட் 25-ஆம் தேதி, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதி வருவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. அதுதான் லினக்ஸ். மறு ஆண்டு அதையும் அவர் ஜி.பி.எல். உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். க்னூவும் லினக்ஸும் சேர்ந்தன, வண்டி கிளம்பிவிட்டது.

அது எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதற்கு ஓர் அத்தாட்சி போதும். உலகத்தின் அதிவேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில், 2017 நவம்பரிலிருந்து 500-ம் லினக்ஸில்தான் ஓடுகின்றன. சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கும் கரு லினக்ஸ்தான். ஆகவே, “நமக்கெல்லாம் லினக்ஸ் வராது” என்று சொல்கிறவர், அதை ஏற்கெனவே தினமும் உபயோகித்துக்கொண்டுதான் இருக்கிறார்!

இலவசம் வேறு, சுதந்திரம் வேறு

இங்கிலீஷில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல். அதனால் இந்த இயக்கத்தார் தங்கள் கொள்கையை விளக்க ஒவ்வொரு முறையும் தொண்டை வறளப் பேச வேண்டியிருக்கிறது. தமிழில் அந்தத் தொல்லை இல்லை. இலவசம் என்பது வேறு, கட்டற்றது என்பது வேறு. லினக்ஸைத் தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று அழைப்பது அதனால்தான்.

காசில்லை என்பது அதில் சின்ன விஷயம். ஒரு பிரதியை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் அது திருட்டு அல்ல. உரிமத்திலேயே அனுமதிக்கப்பட்ட காரியம். டூப்ளிகேட் விண்டோஸ் போட்டவர், கம்பெனியிலிருந்து ஆள் வருவானோ, உள்ளே வைரஸ் இருக்குமோ என்று பயந்துகொண்டே இருக்க வேண்டும். லினக்ஸ் போட்டவருக்கு அந்தப் பயம் இல்லை. மரியாதையுள்ள குடும்பத்துக்கு இது சின்ன லாபமா?

பெங்களூர் கண்ட லினக்ஸ்

பெங்களூருக்கு லினக்ஸ் புதிதல்ல. டாட்டா இன்ஸ்டிடியூட் என்று பழைய ஆட்கள் சொல்லும் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர்கள் சிலர், என்கோர் என்ற கம்பெனியோடு சேர்ந்து, ஏழைகளும் உபயோகிக்கத்தக்க கைக் கம்ப்யூட்டர் ஒன்றை உருவாக்கினார்கள். ‘சிம்ப்யூட்டர்’ என்று பெயர். அதில் ஓடியது லினக்ஸ். 2001-ல் மாதிரி வெளியாகி உலகப் பத்திரிகைகளில் அடிபட்டது. 2004-ல் ‘அமிடா’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தபோது, அதைத் தயாரித்துக் கொடுத்தது தமிழர்கள் பலர் வேலை பார்த்த பி.இ.எல். நிறுவனம். எதிர்பார்த்தபடி விற்கவில்லை என்பது உண்மை. ஆனால் உரிமக் கட்டணம் கட்டாமல் ஒரு மிஷினை இந்த ஊரிலேயே செய்ய முடியும் என்பதை அது காட்டியது.

2001-லிருந்து ‘லினக்ஸ் பெங்களூர்’ என்ற பெயரிலும், பிறகு ‘ஃபாஸ் டாட் இன்’ என்ற பெயரிலும் 2012 வரை மாநாடுகள் நடந்தன. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் லினக்ஸ் எழுதுகிறவர்கள் வந்து போனார்கள்.

ஆனால் மாநாட்டு மண்டபத்தைவிட நினைவில் வைக்க வேண்டிய இடம் வேறு. பன்னேர்கட்டா ரோடு பக்கம் குரப்பனபாளையாவில் சுதர்சன் லேஅவுட் என்ற குடிசைப் பகுதி இருக்கிறது. 2010-க்குச் சில ஆண்டுகள் முன்பு, கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அங்கே ‘அம்பேத்கர் சமுதாயக் கம்ப்யூட்டர் மையம்’ ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கிருந்த மிஷின்களில் போட்டது லினக்ஸ். வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் அதற்கு முன்னே உட்கார்ந்தார்கள். ‘கிம்ப்’ என்ற ஓவியப் புரோகிராமில் படம் வரைந்தார்கள். அந்தப் படங்கள் வெளியாரும் பார்த்து வியக்கும்படி இருந்தன. பெரிய கம்பெனிகள் படம் வரையும் புரோகிராமுக்கு ஆண்டுச் சந்தா கட்டும் இதே நகரத்தில், காலணா செலவில்லாத புரோகிராமில் குடிசைப் பிள்ளைகள் ஓவியர் ஆனார்கள்.

இந்தப் பிள்ளைகளிடம் ஒரு பாடம் இருக்கிறது. அவர்களுக்கு விண்டோஸ் தெரியாது. ஆகவே லினக்ஸ் கஷ்டம் என்பதும் தெரியாது. லினக்ஸில் பாதிக் கஷ்டம் பழக்கத்தை மாற்றுவதில்தான் இருக்கிறது.

ஊரிலும் ஆபீஸிலும்

மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையிலிருந்து ‘பாஸ்’ என்ற லினக்ஸை 2007-ல் வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அது பேசும். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கத் தொடங்கியபோது, முதலில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸோடு இந்தப் பாஸ் லினக்ஸும் இருந்தது. ஊரில் அக்காள் பிள்ளையோ தங்கை பிள்ளையோ அந்த லேப்டாப்பை வாங்கியிருந்தால், லினக்ஸ் உங்கள் குடும்பத்துக்குள் ஏற்கெனவே வந்துபோன விருந்தாளி.

கேரளப் பள்ளிக்கூடங்களில் லினக்ஸ்தான் பாடம் நடத்துகிறது. எல்.ஐ.சி. தன் ஆபீஸ்களில் ரெட் ஹேட் என்ற லினக்ஸைக் கொண்டுவந்தது. கோர்ட்டுகளைக் கம்ப்யூட்டர்மயமாக்கிய சுப்ரீம் கோர்ட்டின் கமிட்டி, கீழ்க் கோர்ட்டுகளுக்கு உபுண்டு என்ற லினக்ஸைத் தேர்ந்தெடுத்தது. ஜட்ஜுகளும் சிரஸ்தார்களும் கற்றுக்கொண்டதை ஒரு குமாஸ்தா கற்றுக்கொள்ள முடியாதா என்ன?

எந்த லினக்ஸ்?

புதிதாக வருகிறவர் முதலில் திகைப்பது இங்கேதான். லினக்ஸில் நூற்றுக்கணக்கான ரகங்கள். அரிசியில் பொன்னி, சோனா மசூரி, இட்லி அரிசி என்று இருப்பதுபோல. எல்லாம் அரிசிதான், சமையலுக்கு ஏற்றதை எடுக்க வேண்டும்.

விண்டோஸ் பழகியவருக்கு லினக்ஸ் மின்ட் ஏற்றது. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம், எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். குறைந்தது 2 ஜி.பி. நினைவகம் வேண்டும், 4 ஜி.பி. இருந்தால் நிம்மதி. மிஷின் மெதுவானது என்றால் மின்டிலேயே ‘எக்ஸ்.எஃப்.சி.இ.’ என்ற இலகுவான வகையை எடுத்துக்கொள்ளலாம். உபுண்டுவும் நல்லதுதான். ஒரு காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அதன் குறுந்தகட்டைத் தபால் செலவுகூட வாங்காமல் அனுப்பினார்கள், 2011-ல்தான் நிறுத்தினார்கள். இப்போது அது கொஞ்சம் கனமான மிஷினைக் கேட்கிறது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் அதிலேயே இருப்பது நல்லது. வாரம் ஒரு ரகம் மாற்றுகிறவர் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றை எஸ்.பி. ரோட்டில் போட்டுக்கொள்ளலாம். புது லேப்டாப் விலையோடு பார்த்தால் அது சொற்பம். வேகத்தில் தெரியும் வித்தியாசமோ பெரிது.

முதலில் பிரதி, பிறகுதான் மற்றது

இனி வேலை முறை. ஆனால் அதற்கு முன்னே ஓர் எச்சரிக்கை. லினக்ஸால் யாருக்கும் பெரிய நஷ்டம் வந்ததில்லை, அவசரத்தால் வந்திருக்கிறது. பொண்ணுடைய மார்க் ஷீட், இறந்துபோன தாத்தாவின் ஒரே போட்டோ, ஊர் நிலத்துப் பத்திரத்தின் ஸ்கேன், இவையெல்லாம் அந்தப் பழைய மிஷினில்தான் இருக்கும். ஒரு பொத்தானைத் தவறி அழுத்தினால் அத்தனையும் போய்விடும். ஆகவே:

ஒன்று: வேண்டிய கடிதங்கள், போட்டோக்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கிலோ பெரிய பென் டிரைவிலோ பிரதி எடுங்கள். எடுத்ததை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பிரதி.

இரண்டு: 8 ஜி.பி. கொண்ட இன்னொரு பென் டிரைவ் காலியாக வேண்டும். அதில் இருப்பது அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். லினக்ஸ் மின்டின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் கோப்பை இறக்குங்கள். ஏறக்குறைய 3 ஜி.பி. இருக்கும். பிறகு ‘எட்சர்’ அல்லது ‘ரூஃபஸ்’ என்ற சின்னப் புரோகிராமைக் கொண்டு அதைப் பென் டிரைவில் எழுத வேண்டும். சும்மா காப்பி செய்தால் வேலை செய்யாது. பலர் தடுக்கி விழும் இடம் இது.

மூன்று: மிஷினை அணைத்து, பென் டிரைவைச் செருகி, மறுபடி போடும்போது ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்-12, ஹெச்.பி.யில் எஃப்-9. எங்கிருந்து கிளம்புவது என்று மிஷின் கேட்கும். பென் டிரைவைக் காட்டுங்கள்.

நான்கு: இப்போது திரையில் லினக்ஸ் வந்துவிடும். ஆனால் உள்ளே எதுவும் மாறவில்லை. விண்டோஸ் இருந்த இடத்தில் அப்படியே தூங்கிக்கொண்டிருக்கிறது. பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டால் பழைய மிஷினே திரும்பி வரும். பெண் பார்க்கப் போய் காப்பி குடித்துவிட்டு வருவது போலத்தான். நிச்சயம் பண்ணிவிட்டதாக அர்த்தம் இல்லை. வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, காமிரா தெரிகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சோதித்துப் பாருங்கள். வைஃபை வராவிட்டால் பதற வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. ஒயரில் இணைத்து, போனின் டேட்டாவைப் பகிர்ந்தால் இன்டர்நெட் வந்துவிடும். பிறகு அந்த வைஃபைக்கு உரிய டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

ஐந்து: திருப்தியானால் மட்டும் திரையிலுள்ள ‘இன்ஸ்டால்’ படத்தைத் தட்டுங்கள். விண்டோஸுக்குப் பக்கத்தில் வைக்கவா, அழித்துவிட்டு வைக்கவா என்று கேட்கும். எல்லாக் கேள்விகளிலும் இதுவே முக்கியம். நிதானமாகப் படித்துப் பதில் சொல்லுங்கள். பக்கத்தில் வைப்பதாக இருந்தால், விண்டோஸில் பிட்லாக்கர் என்ற பூட்டு போடப்பட்டிருக்கிறதா என்று முன்பே பார்த்து, அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அரை மணி, முக்கால் மணி நேரத்தில் வேலை முடியும். ஒரு பெயரும் ரகசியச் சொல்லும் கேட்கும். அந்த ரகசியச் சொல்தான் வீட்டுச் சாவி. மறக்கக் கூடாது.

முதல் வாரம்

உள்ளே போனதும் ஃபயர்ஃபாக்ஸ் என்ற பிரவுசர் தயாராக இருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் பதிவு செய்வது, கரண்ட் பில் கட்டுவது, பரீட்சை அப்ளிகேஷன் போடுவது எல்லாம் அதிலேயே நடக்கும். கடிதமும் கணக்குத் தாளும் ‘லிப்ரே ஆபீஸ்’ பார்த்துக்கொள்ளும். வேர்டு, எக்ஸெல் கோப்புகளைத் திறக்கும். அவற்றின் வடிவத்திலேயே சேமித்தும் தரும். சில நேரம் வரிகளும் கட்டங்களும் கொஞ்சம் நகர்ந்து உட்காரும். ஆகவே விண்ணப்பத்தை அனுப்பும்போது பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்புவது புத்திசாலித்தனம்.

வேறு புரோகிராம் வேண்டுமானால் கண்ட இடத்தில் தேடி இறக்க வேண்டாம். மெனுவிலேயே ‘சாஃப்ட்வேர் மானேஜர்’ என்ற கடை இருக்கிறது. வேண்டியதை எழுதித் தேடினால் வரும். விலைச் சீட்டு பெரும்பாலும் இருக்காது. அப்டேட் வந்திருப்பதாகச் சின்னக் கேடயப் படம் மூலையில் தெரிந்தால், வாரம் ஒரு தரம் அதைத் தட்டிவிடுங்கள். பூட்டைச் சரிபார்க்கும் வேலை அதுதான்.

கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கும் ‘டெர்மினல்’ ஒன்றும் உண்டு. அதைக் கண்டு பயப்படவும் வேண்டாம், யாரோ எழுதியதை அர்த்தம் தெரியாமல் அப்படியே அடிக்கவும் வேண்டாம். அது இல்லாமலே வருஷக் கணக்கில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தமிழில் அடிக்கலாமா?

தாராளமாக. அயல் மாநிலத்தில் இருப்பவருக்கு இது பெரிய ஆறுதல். ‘ஐபஸ்’ என்ற புரோகிராமையும் அதற்குத் துணையான ‘எம்-17-என்’ என்பதையும் சாஃப்ட்வேர் மானேஜரில் தேடிப் போட்டுக்கொண்டால் தமிழ் வரும். 1999-ல் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ்-99 முறை அதில் உண்டு. இங்கிலீஷ் எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழாக மாறும் முறையும் உண்டு. இன்ஸ்டிடியூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் லோயரும் ஹையரும் பாஸ் செய்தவர்களுக்கு, அந்தப் பழைய டைப்ரைட்டர் முறையே அப்படியே இருக்கிறது! விரல் மறக்கவில்லை என்றால் அன்றைக்கே கடிதம் அடிக்கலாம்.

ஒரு சின்னச் சிக்கல். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கோழி கிளறியது போலத் தெரியும். கோப்பு கெட்டுப் போகவில்லை. பழைய மிஷினிலிருந்து அந்த எழுத்துருக்களையும் பிரதி எடுத்து வந்து லினக்ஸில் சேர்த்தால் எழுத்து திரும்பி வரும்.

வராதது எது?

நல்லதை மட்டும் சொல்லி அனுப்புவது தரகர் வேலை. இதில் வராததும் உண்டு. போட்டோஷாப் வராது, கிம்ப் பழக வேண்டும். சில பிரிண்டர்கள் முரண்டு பிடிக்கும், ஹெச்.பி. பிரிண்டர்கள் பொதுவாக ஒத்துப்போகும். சில அரசாங்கத் தளங்களுக்கு வேண்டிய டிஜிட்டல் கையெழுத்துச் சாதனங்கள் தகராறு செய்யலாம்.

பி.காம். படிக்கும் மகள் முதலில் கேட்பது டேலியைத்தான். பெங்களூர்க் கம்பெனியே தயாரிக்கும் அந்தக் கணக்குப் புரோகிராம் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. லினக்ஸில் நேரடியாக ஓடாது. லினக்ஸில் ‘க்னூகேஷ்’ என்ற கணக்குப் புரோகிராம் இருக்கிறது. பற்று வரவின் அடிப்படையை அதில் அருமையாகப் பழகலாம். ஆனால் வேலைக்கான இன்டர்வியூவில் கேட்பது டேலி. ஆகவே அந்த வீட்டில் விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே வைப்பது நல்லது. இன்டர்நெட்டில் இணைக்காமல் டேலிக்கு மட்டும் விண்டோஸ். பாங்கி, பதிவு, படிப்பு எல்லாவற்றுக்கும் லினக்ஸ். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு இருந்தால் சண்டை என்று அர்த்தம் இல்லை.

யாரிடம் கேட்பது?

லினக்ஸுக்குக் கம்பெனி ஆள் வீட்டுக்கு வர மாட்டார். அதற்குப் பதிலாகக் கற்றுக்கொண்டவர்கள் கற்றுக்கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. கர்நாடகத்தில் கட்டற்ற மென்பொருள் இயக்கம் கல்லூரி மாணவர்களிடையே வேலை செய்து வந்திருக்கிறது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998-லிருந்து இருக்கிறது. விழுப்புரத்தில் ஒரு குழு கிராமத்து மாணவர்களுக்கு இதையே இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறது. 2012-ல் தொடங்கிய ‘கணியம்’ என்ற மின்னிதழ், லினக்ஸைப் பற்றித் தமிழிலேயே பாடம் எழுதி, புத்தகமாகவும் இலவசமாகத் தருகிறது.

கேட்கும்போது முறையாகக் கேட்க வேண்டும். “வேலை செய்யவில்லை” என்றால் யாருக்கும் புரியாது. என்ன மிஷின், எந்த லினக்ஸ், எதைத் தட்டியபோது திரையில் என்ன எழுத்து வந்தது என்று சொன்னால் பதில் சீக்கிரம் வரும். டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்வதில்லையா?

மீண்டும் ஸ்ரீராமபுரம்

துணிப்பையோடு எஸ்.பி. ரோட்டில் நின்ற அந்த மனிதரை அங்கேயே விட்டுவிட வேண்டாம். அவர் ஒரு வாரம் பொறுத்து, போட்டோக்களைப் பிரதி எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து பென் டிரைவைச் செருகினால், அந்த மிஷின் இன்னும் சில வருஷம் உழைக்கும். சீட்டை ஏலம் எடுக்க வேண்டாம். அந்தப் பணம் காலேஜ் ஃபீஸுக்கு ஆகும்.

பிழைக்க வந்த ஊரில் எதுவும் சும்மா கிடைப்பதில்லை என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். இது ஒன்று கிடைக்கிறது. கேட்பது ஒரு நாள் நேரமும் கொஞ்சம் பொறுமையும்தான். கற்றுக்கொண்ட பிறகு, அதே பென் டிரைவை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அதற்கும் உரிமம் உண்டு.